லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது: துருத் தடுப்புக் கருவி மாட்டிய ஒரு காரை அறுத்துப் பார்த்த கதை

காரின் இடதுபக்கக் கதவுகளுக்குக் கீழே, ரன்னிங் போர்டு என்று டிங்கர்கள் சொல்கிற நீளமான பெட்டிப் பகுதியில், பெயின்ட் பெருவிரல் நக அளவுக்கு உப்பியிருந்தது. மச்சான் ஸ்க்ரூடிரைவர் நுனியால் அதை லேசாக அழுத்தினார். நுனி உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது ஈரமான செம்பொடி கொட்டியது.

"லைட்டு எரியுதே மாப்ளே, அப்புறம் எப்படி?" என்றார்.

அவர் சொன்ன லைட், டேஷ்போர்டுக்கு அடியில் ஒட்டியிருந்த கறுப்புப் பெட்டியில் இருப்பது. ஐந்து வருடங்களுக்கு முன் வண்டியை எடுத்தபோதே விற்பனை நிலையத்தில் மாட்டிக் கொடுத்த மின்னணுத் துருத் தடுப்புக் கருவி அது. பேட்டரியிலிருந்து இரண்டு வயர் உள்ளே போகும். அங்கிருந்து இரண்டு கேபிள் கிளம்பி, பானெட்டுக்கு அடியில் ஒன்றும் டிக்கிக்குள் ஒன்றுமாக, பெயின்டின் மேல் பசையால் ஒட்டிய உலோகப் பட்டைகளில் முடியும். பச்சை விளக்கு நொடிக்கு ஒருமுறை கண் சிமிட்டும். வண்டியின் உடல் முழுவதற்கும் எலக்ட்ரான்களை அனுப்பித் துருவை அடக்கி வைக்கும் என்பது விற்றவர் சொன்ன விளக்கம். ஐந்து வருடத்தில் அந்த விளக்கு ஒருநாள்கூட அணையவில்லை. மச்சான் அதை வாரம் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வார்.

வண்டி நிற்பது கடல் காற்று அடிக்கும் திறந்தவெளியில். ஆக, துரு வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கருவி வேலை செய்தும் துரு வந்ததா, அல்லது அது செய்கிற வேலைக்கும் துருவுக்கும் சம்பந்தமே இல்லையா? இந்த இரண்டில் எது என்று பார்க்கத்தான் அடுத்த சில மாதங்கள் போயின. எனக்கு வேலை மின்சாதனப் பழுது. உலோகம் எனக்குப் பக்கத்து வீடு மாதிரி, வெளியிலிருந்து பார்த்ததுண்டு, உள்ளே போனதில்லை. அதனால் முதலில் படிக்க வேண்டியிருந்தது.

இரும்பு துருப்பிடிப்பதே ஒரு மின் நிகழ்வுதான். ஈரமான தகட்டின் ஓரிடத்தில் இரும்பு அணு தன் எலக்ட்ரான்களை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே இன்னோர் இடத்துக்குப் போய், அங்கே தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோடு சேர்கின்றன. எலக்ட்ரானை விடும் இடம் ஆனோடு, ஆக்சிஜன் அதை வாங்கும் இடம் கேதோடு. இரண்டும் எங்கோ தொலைவில் இருக்க வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற வேதியியலாளர் ஓர் இரும்புத் தகட்டில் ஒரே ஒரு உப்புநீர்த் துளியை வைத்து இதைக் காட்டினார்: காற்று நன்றாகக் கிடைக்கும் துளியின் விளிம்பு கேதோடு, காற்று எட்டாத நடு ஆனோடு. ஒரு துளிக்குள் முழு பேட்டரியே அடங்கிவிடுகிறது.

அப்படியானால் வெளியிலிருந்து எலக்ட்ரானைக் கொடுத்தால் இரும்பு தன்னுடையதை இழக்க வேண்டாமே? சரியான கேள்வி. 200 வருடப் பழைய கேள்வியும்கூட. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்துக்குப் போர்த்திய செம்புத் தகடுகள் கடல்நீரில் அரித்துப்போக, ஹம்ஃப்ரி டேவி என்ற வேதியியலாளர் 1824இல் அவற்றோடு இரும்பு, துத்தநாகத் துண்டுகளை இணைத்துப் பார்த்தார். அந்தத் துண்டுகள் கரைந்தன, செம்பு பிழைத்தது. சமராங் என்ற கப்பலிலும் அதைச் செய்தார்கள். செம்பு கரையாமல் நின்றதும் இன்னொரு தொல்லை வந்தது. கரைகிற செம்பின் நஞ்சுதான் சிப்பியையும் பாசியையும் விரட்டிக்கொண்டிருந்தது. அது நின்றதும் அவை அடியில் அப்பிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் கெடுத்தன. வேதியியல் ஜெயித்து, திட்டம் தோற்ற கதை. பிறகு 1928இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் கூன் என்ற பொறியாளர் மண்ணுக்குள் புதைந்த எரிவாயுக் குழாய்க்கு மின்சாரம் செலுத்தி அரிப்பை நிறுத்தினார். குழாயின் மின்னழுத்தம், மண்ணில் வைத்த ஒப்பீட்டு மின்முனையைவிட 0.85 வோல்ட் கீழே இருக்க வேண்டும் என்று அவர் தந்த அளவுகோலைக் குழாய்ப் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். கப்பல், எண்ணெய்க் குழாய், கடலில் நிற்கும் துளைமேடை எல்லாவற்றிலும், உலோகம் முழுவதையும் கேதோடாக்கி வைக்கும் இந்தக் கேதோடுப் பாதுகாப்பு தினமும் நடக்கிற வேலை.

ஆகவே "மின்சாரத்தால் துருவைத் தடுக்கலாம்" என்று விற்பவர் சொல்வது பொய் இல்லை. பாதி உண்மை. மறைந்திருக்கும் மீதிப் பாதியில்தான் வண்டி மாட்டிக்கொள்கிறது.

குழாய்க்குப் பக்கத்தில் மண்ணில் ஓர் ஆனோடு புதைந்திருக்கிறது. கப்பலின் அடிப்பாகத்தில் கடல்நீர் படும்படி ஓர் ஆனோடு பொருத்தியிருக்கிறது. மின்னோட்டம் ஆனோடிலிருந்து கிளம்பி, ஈரமண் அல்லது கடல்நீர் வழியாக உலோகத்தின் மேற்பரப்புக்கு வந்து, வயர் வழியாகத் திரும்புகிறது. இந்தச் சுற்றில் தண்ணீர் ஒரு வயர் மாதிரி. அந்த வயரை அறுத்துவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. ஒரு காரில் அந்தத் தண்ணீர் எங்கே? கதவின் அடியில் ஒரு சொட்டு, மட்கார்டின் உட்புறம் ஒட்டிய சேற்றில் கொஞ்சம் ஈரம், பானெட் விளிம்பில் பனி. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. டிக்கியில் ஒட்டிய பட்டையிலிருந்து ரன்னிங் போர்டின் உட்புற ஈரத்துக்குத் தண்ணீர் வழியாகப் போக வழியே கிடையாது.

சரி, கருவியைக் கழற்றினேன்.

அது எடுத்த மின்னோட்டம் சராசரியாக 6 மில்லிஆம்பியர். அதில் ஒரு பங்கு விளக்குக்கே போகிறது. உள்ளே ஒரு டைமர், ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர், சில மின்தேக்கிகள், பேட்டரி இறங்கினால் கருவியை அணைக்கும் ஒரு பகுதி. வேலைப்பாடு ஒழுங்காக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். உள்ளே வெறும் விளக்கும் ரெசிஸ்டரும் மட்டும் இருக்கும் என்று கொஞ்சம் ஆசையோடு திறந்தவன் நான். அப்படி இல்லை. அது உண்மையிலேயே துடிப்புகளை உருவாக்குகிறது.

அந்தத் துடிப்பு எங்கே போகிறது என்பதுதான் விஷயம். ஒட்டிய பட்டைக்கும் காரின் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால், மீட்டர் எல்லையைத் தாண்டிய மின்தடையைக் காட்டியது. நடுவில் பெயின்ட் இருக்கிறதே, நேர்மின்னோட்டம் அதைக் கடக்காது. பட்டை ஒரு தகடு, உடல் இன்னொரு தகடு, பெயின்ட் நடுவிலுள்ள காப்புப் பொருள். அதாவது ஒரு மின்தேக்கி. அதில் ஒரு துடிப்பு ஏறினால் அதே அளவு மின்னூட்டம் அடுத்த கணம் இறங்கித் திரும்பிவிடும். நிகரமாகக் கொடுத்தது பூஜ்யம். துருவை நிறுத்தவோ எலக்ட்ரான்கள் தொடர்ந்து வந்துகொண்டும், ஆக்சிஜனால் செலவாகிக்கொண்டும் இருக்க வேண்டும். தொட்டியில் தண்ணீரை ஊற்றி அதையே திரும்ப மொண்டு எடுத்துக்கொண்டிருந்தால் செடிக்கு எப்படித் தண்ணீர் போகும்?

"உடலை எதிர்மின்னூட்டம் ஏற்றி வைக்கிறது" என்ற விளக்கத்தையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தரையிலிருந்து டயரால் பிரிந்து நிற்கும் காரின் மின்தேக்குத் திறனைத் தாராளமாக 1,000 பிகோஃபேரட் என்று வைப்போம். 12 வோல்ட்டில் அது பிடித்து வைக்கும் மின்னூட்டம் 12 நானோகூலம். எவ்வளவு மின்னூட்டத்துக்கு எவ்வளவு உலோகம் என்று சொல்லும் ஃபாரடே விதிப்படி, அத்தனை எலக்ட்ரானும் வீணாகாமல் இரும்பைக் காப்பாற்றினாலும், பிழைப்பது ஒரு கிராமை ஏறத்தாழ 30,000 கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அதோடு இருப்பு தீர்ந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க: 1 ஆம்பியர் அரிப்பு மின்னோட்டம் ஒரு வருடம் ஓடினால் கரைவது சுமார் 9 கிலோ இரும்பு.

இன்னொரு விளக்கமும் உண்டு. அதிவேகத் துடிப்பு உலோகத்தின் மேற்பரப்பில் மின்னோட்டத்தை ஓடவிடுகிறது, அதனால் துரு பிடிக்காது என்பது. இதற்குப் பதில் சொல்ல ஆய்வகம் வேண்டாம், எந்த வண்டியிலும் ஹெட்லைட்டைப் போட்டால் போதும். 55 வாட் பல்பு இரண்டு எரிந்தால் சுமார் 9 ஆம்பியர் மின்னோட்டம் திரும்பி வருவது காரின் உடல் வழியாகத்தான், எர்த் என்று நாம் சொல்வது அதைத்தான். ஹாரனும் வைப்பரும் அப்படியே. பேட்டரியின் நெகட்டிவ் முனை காலம் முழுக்க உடலோடு இணைந்தே இருக்கிறது. தகட்டுக்குள் மின்சாரம் ஓடுவதே துருவைத் தடுக்கும் என்றால் இரவில் ஓடும் எந்த வண்டியும் துருப்பிடித்திருக்கக் கூடாது. துரு பிடிப்பது உலோகமும் தண்ணீரும் தொடும் எல்லையில். அந்த எல்லையின் மின்னழுத்தத்தை மாற்றாத எதுவும் துருவைத் தொடுவதில்லை.

இவ்வளவு கணக்கைச் சொன்னதும் மச்சான் ஒரே வரியில் முடித்தார்: "பேப்பர்ல எல்லாம் சரிதான் மாப்ளே, தகட்டுல காட்டு."

நியாயம்தானே. டிங்கர் பட்டறையில் வெட்டிப்போட்ட பழைய கதவுத் தகடு ஒன்றை வாங்கி, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஆறு துண்டுகளாக வெட்டினோம். உப்புத்தாள் போட்டு, ஒரே நாளில் ஒரே டப்பாவிலிருந்து பிரைமரும் பெயின்டும் அடித்து, ஒவ்வொன்றிலும் வெற்று இரும்பு தெரிகிற மாதிரி பெருக்கல் குறி கீறினோம். நான்கு துண்டுகளை நிழலில் சாய்த்து வைத்தோம். இரண்டில் கருவியின் உண்மையான பட்டைகள், எர்த் வயரோடு. மற்ற இரண்டில் அதே அளவில் வெட்டிய வெறும் தகடு, வயர் எங்கும் போகாமல். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுத்துப் பின்பக்கம் எழுதினேன். எட்டு வாரம் காலையும் மாலையும் உப்புத் தண்ணீர் தெளித்தோம். மீதி இரண்டு துண்டுகள் ஆளுக்கொரு பக்கெட் உப்புநீரில் முழுகின. அதில் ஒன்றோடு மட்டும், பழைய டார்ச் செல்லின் துத்தநாக உறையை வெட்டி வயரால் இணைத்து அதே பக்கெட்டில் போட்டேன்.

எட்டாவது வாரம் பட்டைகளையும் வயர்களையும் நீக்கிவிட்டு, எது எது என்று தெரியாத மச்சான் மகளிடம் நான்கு துண்டுகளைக் கொடுத்தோம். துரு குறைவானதிலிருந்து வரிசைப்படுத்தச் சொன்னோம். முதலில் வந்தது கருவி இல்லாத துண்டு. இரண்டாவதும் மூன்றாவதும் கருவி மாட்டியவை. கடைசி மறுபடி கருவி இல்லாதது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் தெரியவில்லை மாமா என்றாள். நான்கு துண்டை வைத்து உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற பலன் ஏதாவது இருந்திருந்தால் இப்படி நடுவில் போய் உட்கார்ந்திருக்காது.

பக்கெட்டில்தான் வேடிக்கை. தனியாக முழுகிய துண்டின் கீறலிலிருந்து செந்நிறம் வழிந்து தண்ணீரே பழுப்பாகிவிட்டது. துத்தநாகத்தோடு இணைந்த துண்டின் கீறல் சாம்பல் நிறமாகவே இருந்தது, மேலே கொஞ்சம் வெள்ளைப் பூச்சு. டேவி சொன்ன அதே சங்கதி, பிளாஸ்டிக் பக்கெட்டில். பிறகு அந்தத் துண்டைத் துத்தநாகத்தோடும் வயரோடும் அப்படியே வெளியே எடுத்து, இரண்டையும் ஒரு சாண் தள்ளி வைத்து, உப்புநீர் மட்டும் தெளிக்க ஆரம்பித்தேன். நான்கே நாளில் கீறல் சிவந்துவிட்டது. அதே துத்தநாகம், அதே வயர், போனது நடுவிலிருந்த தண்ணீர் மட்டும். மச்சான் ரொம்ப நேரம் அந்தத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். கணக்கு செய்யாததை அது செய்தது.

சில கண்காட்சிகளில் உப்புநீர்த் தொட்டிக்குள் இரண்டு தகட்டை வைத்து, கருவி மாட்டியது பளபளப்பதைக் காட்டுவது ஏன் என்பதும் இதிலிருந்து புரியும். தொட்டிக்குள் எதுவும் நடக்கும். வண்டியைத் தொட்டிக்குள் நிறுத்தி வைப்பவர் யார்? விற்பவர் காட்டும் உப்புத் தெளிப்புச் சோதனைச் சான்றிதழையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் பி117 என்ற பழைய முறை, 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்புக் கரைசலை இடைவிடாமல் தெளிப்பது. தகடு முழுக்க எப்போதும் நனைந்தே இருக்கும் அந்தப் பெட்டியில் ஒரு சின்னத் தகட்டுக்குக் கிடைக்கிற முடிவை, பாதி நேரம் காய்ந்து கிடக்கும் நாலு மீட்டர் வண்டிக்கு நீட்ட முடியாது.

இந்தக் கேள்வி சட்ட நடவடிக்கை வரையும் போயிருக்கிறது. 1990களில் அமெரிக்காவில் நுகர்வோரைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், ரஸ்ட் இவேடர் என்ற கருவியை விற்ற நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. வண்டிகளில் துருவைத் தடுக்கும் என்ற விளம்பரம் உண்மையல்ல என்பதுதான் குற்றச்சாட்டு. கனடாவின் போட்டிச் சட்டமோ, ஒரு பொருள் இன்னது செய்யும் என்று சொல்வதற்கு முன்பே அதற்குப் போதுமான, முறையான சோதனை நடந்திருக்க வேண்டும் என்கிறது. காப்புரிமை எண்ணைப் பெட்டியில் அச்சிட்டிருப்பதை ஆதாரமாக நினைக்க வேண்டாம். காப்புரிமை யோசனை புதிது என்பதற்குக் கிடைப்பது, வண்டியில் ஐந்து வருடம் வேலை செய்தது என்பதற்கு அல்ல.

இனி ரன்னிங் போர்டுக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் முக்கியமான சாட்சி அதுதான். தகட்டுத் துண்டுகள் அதற்கு அடுத்துதான்.

டிங்கர் இடதுபக்கத்தை வெட்டித் திறந்தார். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சேறு, இன்னும் ஈரமாக. கதவின் ரப்பர் வழியாகவும் முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழேயிருந்தும் இறங்கும் தண்ணீர் வெளியேற அந்தப் பெட்டியின் அடியில் வடிகால் துளைகள் உண்டு. இடதுபக்கத்தில் எல்லாத் துளைகளும் அடைபட்டிருந்தன. அடைத்தது மண் இல்லை, கறுப்புப் பூச்சு. வண்டி எடுத்த அதே நாளில் அடித்த அண்டர்பாடி கோட்டிங். அடித்தவர் துளையைப் பார்க்காமல் மேலேயே அடித்துவிட்டார். வலதுபக்கத்தில் இரண்டு துளைகள் தப்பியிருந்தன. டிங்கர் ஒரு சின்னக் கேமராவை உள்ளே விட்டுக் காட்டினார்: மேலோட்டமான பழுப்பு, அவ்வளவுதான். தகடு கெட்டியாக இருந்தது.

ஒரே வண்டி, ஒரே வயது, ஒரே காற்று, ஒரே கருவி. வலது பிழைத்தது, இடது அழுகியது. மாறியது தண்ணீர் நின்றதா வடிந்ததா என்பது மட்டும்தான். ஒருவேளை கருவிதான் வலதைக் காப்பாற்றியதோ என்று யாராவது கேட்கலாம். அப்படியென்றால் இடதோடு அதற்கு என்ன பகை?

பட்டறையிலேயே மச்சான் இன்னொன்றை ஒப்புக்கொண்டார். முந்தைய வண்டியை மழைக்காலம் முடிந்ததும் லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவுவாராம். இந்த வண்டிக்குச் செய்யவில்லை. "அதான் மிஷின் இருக்கேன்னு விட்டுட்டேன்." கருவி துருவை வளர்க்கவில்லை. ஆனால் துருவைக் கவனித்துக்கொண்டிருந்த ஆளை அது தூங்க வைத்துவிட்டது. விளக்கு காட்டியது பேட்டரியிலிருந்து மின்சாரம் வருகிறது என்பதை. அவர் படித்தது தகடு நன்றாக இருக்கிறது என்று.

உத்தரவாத அட்டையையும் எடுத்துப் படித்தோம். பத்து வருட உத்தரவாதம் என்று பெரிய எழுத்து. சின்ன எழுத்தில்: உள்ளிருந்து வெளியே ஓட்டை விழுந்த துருவுக்கு மட்டும், கல் பட்டது, கீறல், அடிபட்ட இடம் சேராது, வண்டியின் அடிப்பாகம் சேராது, வருடா வருடம் குறிப்பிட்ட மாதத்தில் பரிசோதித்து முத்திரை வாங்கியிருக்க வேண்டும். இரண்டாவது வருடம் மச்சான் பதினோரு நாள் தாமதமாகப் போயிருந்தார். கோரிக்கையை நிராகரித்துப் பதில் வந்தது. இன்றைய கார்களின் தகடு ஓட்டையாவதற்கே பல வருடம் ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விற்றவருக்கு இது கஷ்டமான பந்தயம் இல்லை. துருப்பிடிக்காத வண்டிக்காரர் கருவியைப் புகழ்வார். கருவி இல்லாத பக்கத்து வண்டியும் துருப்பிடிக்கவில்லையே என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

மின்சாரம் ஒரு வண்டியைத் துருவிலிருந்து காப்பதும் உண்டு, தொழிற்சாலையில். வெல்டிங் முடிந்த உடலை முழுதாகப் பெயின்ட் தொட்டிக்குள் முக்கி, சில நூறு வோல்ட் கொடுத்து, மூலைமுடுக்கெல்லாம் சுமார் 20 மைக்ரான் தடிமனுக்குப் பூச்சை ஒட்டவைக்கிறார்கள். அங்கே தொட்டி நிறைய நீர் இருக்கிறது, ஆனோடு இருக்கிறது, சுற்று முழுமையாக இருக்கிறது. அதற்கு அடியில் தகட்டிலேயே துத்தநாகப் பூச்சும் இருந்தால், கீறல் விழுந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஆனோடு தயாராகக் காத்திருக்கிறது. நனைக்கும் அதே துளியே இரண்டையும் இணைத்துவிடும். வயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். கேதோடுப் பாதுகாப்பு வண்டியில் நிஜமாக நடக்கும் இடம் இது ஒன்றுதான்.

இடது ரன்னிங் போர்டின் அழுகிய பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தார்கள். வெல்டிங் விளிம்புகளில் துத்தநாகம் நிறைந்த பிரைமர், பட்டி, பெயின்ட், உள்ளே நீளக் குழாய் விட்டு மெழுகு கலந்த எண்ணெய்த் தெளிப்பு. வடிகால் துளைகளை டிங்கர் பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால் குத்தித் திறந்து, தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கொடுத்தார். அந்தக் கம்பியை மச்சான் கேட்டு வாங்கிக்கொண்டார். கருவியின் பெட்டி என் மேஜையில் திறந்தபடி கிடக்கிறது. பன்னிரண்டு வோல்ட் கொடுத்தால் இப்போதும் சிமிட்டும்.